நன்றி கார்டுல என் பேரு!



போன வாரம் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதியதிலிருந்து எங்க மெஸ் அண்ணன் எனக்கு மட்டும் ஒரு அப்பளம் எக்ஸ்ட்ரா வைக்கிறார். பயமா இருக்கு! அதனால இந்த வாரம் சாப்பாடு வேண்டாம். நான் வாங்கிய ஒரு பல்பு கதையைச் சொல்கிறேன்.

போன செமஸ்டரில் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்காக ஒரு குறும்படம் எடுத்தோம். எட்டு நிமிஷப் படம். கதை அடியேனுடையது. தெர்மோ ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில், பதினோரு ராத்திரி கண் முழித்து, நாலு தடவை கிழித்துப் போட்டு எழுதியது. கேமரா ஒரு ஃபைனல் இயர் அண்ணனுடையது. இயக்கமும் அவரே. “கதை உன் பேர்லதான்டா வரும். நீ ஏன் டென்ஷன் ஆகறே?” என்றார். ஆகலை.

ஆடிட்டோரியத்தில் படம் ஓடியது. லாரி டிரைவர் அப்பா ஒருத்தர், பத்து நாள் கழித்து நடு ராத்திரியில் ஊருக்கு வருவார். வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வருவார். இன்ஜின் சத்தத்தில் பிள்ளைங்க முழிச்சுக்கக் கூடாதே என்று! எதற்கெடுத்தாலும் ‘ஓ’ போடும் எங்க பின் பெஞ்ச் கும்பலே அந்த சீனில் கப்சிப். எனக்குள் ஜிவ்வென்று ஏதோ ஏறியது.

அப்புறம் வந்தது டைட்டில் கார்டு. ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’... நாலுக்கும் ஒரே பேர். அண்ணன் பேர்! என் பேர் வரவே இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். வந்தது. கடைசியில் ‘நன்றி’ லிஸ்ட்டில், கேன்டீன் மாஸ்டருக்கும் ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கும் நடுவில். அதுவும் இனிஷியல் தப்பாக!

படத்துக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ். மேடையில் கப்போடு அண்ணன். கீழே கைதட்டிக்கொண்டு நான்.

அன்றைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணினார். தங்கச்சி போனில் படம் பார்த்திருக்கிறார். “நல்லா இருந்துச்சுப்பா... உன் பேரு எங்க வருது? கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு வாட்டி பார்த்துட்டேன்” என்றார். “வேகமா போயிடும்மா” என்று சொல்லி கட் பண்ணிட்டேன். அந்த ஒரு பொய்தான் மக்களே, இன்னிக்கும் உறுத்துது.

மறுநாள் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். “விட்றா, எல்லாம் டீம் ஒர்க்தானே!” என்றார். கவனிச்சீங்களா? வேலை செய்யும்போது யாருக்கும் இந்த வார்த்தை ஞாபகம் வராது. பேர் போடும்போதுதான் வரும்! சரி, கார்டையாவது மாத்துங்கண்ணா என்றால், எடிட் பண்ணின ஃபைலை அழிச்சாச்சாம்.

அடுத்த மூணு வாரம் நான் நானாக இல்லை. டிபார்ட்மென்ட் குரூப்பில் போட ஒரு பெரிய மெசேஜ் டைப் பண்ணுவேன், அழிப்பேன். மறுபடி டைப் பண்ணுவேன். புதுசா கதை எழுத உட்கார்ந்தால், ‘எழுதி என்னத்துக்கு?’ என்று பேனா மக்கர் பண்ணும். இன்டர்னல்ஸில் ஐம்பதுக்குப் பதினொண்ணு. அண்ணன் எடுத்துக்கொண்டது ஒரு கதை. மூணு வாரத்தையும் முப்பத்தொன்பது மார்க்கையும் நானே தூக்கிக் கொடுத்தேன்!

அப்படித் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில் மாட்டியது ஒரு முயல் கதை.

1928. வால்ட் டிஸ்னிக்கு அப்போது 26 வயது. அவருடைய ஸ்டுடியோ உருவாக்கிய ஆஸ்வால்ட் என்கிற முயல் கார்ட்டூன் செம ஹிட். படத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்கலாம் என்று நியூயார்க் போனார். விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ், இருக்கிற காசையும் குறைப்பேன் என்றார். கான்ட்ராக்ட்படி முயல் யுனிவர்சல் கம்பெனிக்குச் சொந்தம். அதைவிடப் பெரிய அடி, டிஸ்னியிடம் படம் வரைந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோரை மின்ட்ஸ் ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துவிட்டார். முயலும் போச்சு, டீமும் போச்சு!

டிஸ்னி என்ன செய்தார்? முயலை நினைத்து மூணு வாரம் இன்டர்னல்ஸில் கோட்டை விடவில்லை. இன்னொரு பிராணியைப் பிடித்தார். நீளமான காதுக்குப் பதிலா வட்டமான காது... யெஸ், மிக்கி மவுஸ்! அதே வருஷம் நவம்பர் 18-ம் தேதி ‘ஸ்டீம்போட் வில்லி’ நியூயார்க்கில் ரிலீஸ். அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆஸ்வால்ட் என்ன ஆச்சு என்கிறீர்களா? 2006-ல் டிஸ்னி கம்பெனி, தன்னிடம் இருந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கமென்டேட்டரை வேறு சேனலுக்கு விட்டுக்கொடுத்து, அந்தப் பேரத்தில் முயலை மீட்டது. 78 வருஷம் கழித்து! வால்ட் இறந்தே கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த நியாயம் வரட்டும் என்று காத்திருந்தால், எலியும் பிறந்திருக்காது.

‘சூப்பர் தல, இனி நானும் ஒரு எலி பிடிக்கிறேன்’ என்று போர்வையை இழுத்தேன். தூங்கியிருக்கலாம். அடுத்த பத்தியையும் படித்துத் தொலைத்தேன்.

மிக்கியை முதன்முதலில் வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். மின்ட்ஸ் பக்கம் போகாமல் டிஸ்னியோடு நின்ற சிலரில் ஒருத்தர். மிக்கியின் முதல் படத்தை, ஒரு நாளைக்கு 700 படம்வரை வரைந்து, கிட்டத்தட்ட தனி ஆளாகவே முடித்தாராம். ஐடியாவும் மிக்கியின் குரலும் வால்டுடையது. கோடு ஐவர்க்ஸுடையது. ஆனால், ஊர் வாயில் நின்றது ஒரே பேர்தான். 1932-ல் மிக்கியை உருவாக்கியதற்காகக் கொடுத்த சிறப்பு ஆஸ்கரும் வால்டுக்கு மட்டும்தான். அதற்கு முன்பே, 1930-ல் ஐவர்க்ஸ் வெளியே போய்விட்டார். சொந்த ஸ்டுடியோ ஆரம்பித்தார். 1936-ல் அதையும் மூட வேண்டியதாயிற்று. மனுஷன் அதோடு உட்காரவில்லை. 1940-ல் டிஸ்னிக்கே திரும்பி வந்து, கேமரா, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் என்று வேறு ரூட் பிடித்தார். தொழில்நுட்பத்துக்காக ரெண்டு தடவை ஆஸ்கர் வாங்கினார்!

எனக்குத் தூக்கம் போனது ஆஸ்கரால் இல்லை. முயலைப் பறிகொடுத்துவிட்டு அழுத அதே கம்பெனியில், எலியை வரைந்தவருக்குப் பேர் பத்தலையே! பறிகொடுத்தவனுக்கு, தன் கையில் யாருடைய பொருள் இருக்கு என்பது தெரிவதில்லை போல.

எதிர்க் கட்டிலில் என் ரூம் மேட் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். லாரி டிரைவர் மகன்.

ஆமாம் மக்களே. அந்தச் செருப்பு சீன் என் கற்பனை இல்லை. ஃபர்ஸ்ட் இயரில் ஒரு பவர் கட் ராத்திரி, ஹாஸ்டல் மொட்டை மாடியில் அவன் சொன்னது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டேன். ‘நன்றி’ லிஸ்ட்டில்கூட அவன் பேர் இல்லை. படம் முடிந்த அன்றைக்கு அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: “மச்சி, அந்த லாரி சீன் நல்லா வந்திருக்குடா.” அந்தப் பாராட்டையும் வெட்கமே இல்லாமல் வாங்கி ஜோபியில் போட்டுக்கொண்டேன். மூணு வாரமாக அவனிடமே ‘என் கதையைத் திருடிட்டாங்கடா’ என்று புலம்பியிருக்கிறேன்! அவனும் ‘விடு மச்சி’ என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

காலையில் அவனிடம் ஸாரி சொன்னேன். “லூசாடா நீ?” என்றான். ஆனால், கண்ணைப் பார்க்கவில்லை. அவனுக்கும் வலித்திருக்கிறது.

இப்போது ரெண்டு பேரும் சேர்ந்து அடுத்த படத்துக்கு எழுதுகிறோம். ஷூட்டிங்குக்கு முன்னாடியே யார் யார் என்ன வேலை, யார் பேர் எங்கே வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, எல்லாருக்கும் மெயில் அனுப்பியாச்சு. ‘ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்னடா அக்ரிமென்ட்?’ என்று கலாய்த்தார்கள். ஃப்ரெண்ட்ஸாவே இருக்கணும்னுதான் என்றேன். கூடவே ஒரு ஜி.கே.: நம்ம ஊர் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதில் 57-வது பிரிவைப் பாருங்கள். எழுதியதன் உரிமையைக் காசுக்கு விற்றுவிட்டாலும், ‘எழுதியது நான்தான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவனிடமே இருக்கும். 57-க்கு 57. ஈஸியா ஞாபகம் வெச்சுக்கலாம்!

உங்க கிராஃபிக்ஸை, மெட்டை, புராஜெக்ட் ரிப்போர்ட்டை யாராவது சுட்டிருந்தால், ஒரு தடவை நேராகப் போய்க் கேளுங்கள். கேட்காமல் விழுங்கினால் அஜீரணம்தான். கிடைக்கவில்லையா? அடுத்ததை ஆரம்பியுங்கள். ஆரம்பிக்கும்போது, அதில் யாருடைய மொட்டை மாடிக் கதை இருக்கு என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரூம் மேட்டோட அப்பாவிடம் ஸ்பீக்கர் போட்டுப் பேசினேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: “செருப்பைக் கையில எடுத்தது இவனுக்கு எப்படிப்பா தெரியும்? தூங்கிட்டு இருக்கான்னுல்ல நெனச்சேன்!”

பக்கத்தில் ரூம் மேட் ஜன்னல் பக்கம் திரும்பி, காயாத சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கும் போன் பண்ணி உண்மையைச் சொல்லிட்டேன். “சரி, அடுத்ததுல பெரிய எழுத்தா போடச் சொல்லுப்பா” என்கிறார்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. தெர்மோ அரியர் கூப்பிடுது!