நூறு வோல்ட் பெட்டிகளும் நம் மின்சாரமும்

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கழித்துக் கட்டிய பழைய வீடியோ மானிட்டர்களை விலை கொடுத்து வரவழைப்பவர்களை இப்போது நம் இலக்கிய, திரைப்பட நண்பர்களிடையே பார்க்க முடிகிறது. ஒருகாலத்தில் ஒளிபரப்பு நிலையங்களில் இருந்த, பிக்சர் டியூப் வைத்த கனத்த பெட்டிகள் அவை. அந்த மோகத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு உண்மையான தேவை ஒன்று உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. மோகத்தையும் தேவையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தேவையுள்ளவர் அதை முறையாக இயக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவே.

தேவை எங்கிருந்து வருகிறது? லால்குடி, திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து வீடுகளின் பரண்களில் எண்பதுகளின், தொண்ணூறுகளின் வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. கல்யாணம், கும்பாபிஷேகம், கூத்து, கச்சேரி என அவற்றில் இல்லாதது இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்தவை நம்முடைய 'பால்' முறையிலேயே பதிவானவை. இங்குள்ள டெக்கிலும் பெட்டியிலும் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்தவை என்.டி.எஸ்.சி. முறை. 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையில் ஒரு ரசிகர் அக்காலத்தில் கைக்கேமராவால் பிடித்த கச்சேரியும் பெரும்பாலும் அந்த முறையில்தான் இருக்கும். லால்குடி ஜெயராமன் (1930–2013) பெயரால் உலகம் அறிந்த ஊரில் இருந்துகொண்டு, அப்படிப்பட்ட நாடாக்களை நாம் அலட்சியம் செய்வது தகாது.

புதிய எல்.சி.டி. திரையில் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். நல்ல நிலையில் உள்ள நாடா என்றால் ஆகும். பூஞ்சை பிடித்து நலிந்த நாடாவிலிருந்து வரும் சமிக்ஞை தடுமாறுகிறபோது, புதிய திரைகள் பல நீலமாகவோ கறுப்பாகவோ மாறிக் கைவிரித்துவிடும். பழைய குழாய்ப் பெட்டி அப்படிச் செய்வதில்லை. படம் சாயும், கிழியும், ஆயினும் முகம் தெரியும். கணினியில் படியெடுக்கும் முன்பு நாடாவில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று அறிய அந்தப் பொறுமை வேண்டியிருக்கிறது.

அதற்காக உடனே ஜப்பானுக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 14 அங்குலக் குழாய்ப் பெட்டிகள். நம் 230 வோல்ட்டுக்கென்றே செய்தவை. ஓடும் நிலையில் ஒன்று பக்கத்து வீட்டிலேயே கிடைக்கக்கூடும். 'பால்' முறை நாடாக்களுக்கு அதுவே போதும். அதை எடைக்குப் போட்டுவிட்டு, அழகுக்காக ஒரு ஜப்பானியப் பெட்டியைக் கப்பலேற்றி வரவழைப்பதில் ரசனை இருக்கலாம், நியாயம் இல்லை. என்.டி.எஸ்.சி. நாடாவை ஏற்கும் பெட்டி உள்ளூரில் அகப்படாதவருக்கே இறக்குமதி பொருந்தும்.

அப்படி வரவழைத்தவர் முதலில் செய்ய வேண்டியது, பெட்டியின் பின்புறத் தகட்டைப் படிப்பது. 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பின் மாற்றினால் போதும். 100 என்றோ 120 என்றோ மட்டும் இருந்தால் பின் மாற்றி செருகுவது பெட்டியைக் கொல்வதற்குச் சமம். ஜப்பானின் 100 வோல்ட்டுக்கு நம் 230 இரண்டேகால் மடங்குக்கு மேல். ஒரு மின்தடையில் எழும் வெப்பமோ ஐந்து மடங்கைத் தாண்டும். சவூதியின் 127 வோல்ட் வீடுகளிலிருந்து சாமான் கொண்டுவந்தவர்கள் நம் பக்கத்தில் அநேகர். இந்தப் பாடம் அவர்களுக்குப் புதிதன்று.

ஆகவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பயணத்துக்கென்று விற்கும் இலேசான கன்வெர்ட்டர்கள் மின்னலையை வெட்டித் தருபவை, மானிட்டருக்கு உதவா. ஆட்டோ டிரான்ஸ்பார்மர் மலிவு, ஆனால் அதன் சுற்று ஓரிடத்தில் அறுந்தால் 230 வோல்ட்டும் பெட்டிக்குள் பாயக்கூடும். இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ளதே பாதுகாப்பு. எர்த் கம்பி பெட்டி வரை வர வேண்டும். பெட்டியைப் போட்ட கணத்தில் குழாயின் காந்தத்தைப் போக்கும் சுருள் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். எனவே 100 வாட் பெட்டிக்கு 250 வி.ஏ.யாவது இருக்கட்டும். கடைகளில் கிடைப்பவற்றில் பல 110 வோல்ட் தருபவை. பம்புசெட்டுகள் ஓடும்போது இறங்கி, நின்றதும் ஏறும் நம் பக்கத்து மின்சாரம் 250ஐத் தொட்டால், அந்த 110 ஏறத்தாழ 120 ஆகிவிடும். ஜப்பானியப் பெட்டிக்கு அது அதிகம். ஆதலால் 100 வோல்ட்டுக்கென்றே சுற்றித் தரச் சொல்லி, அதற்கு முன் ஒரு ஸ்டெபிலைசரும் வைப்பது நலம்.

டிரான்ஸ்பார்மரால் மாற்ற முடியாதது ஒன்றும் உண்டு: மின்சாரத்தின் துடிப்பு. நமக்கு நொடிக்கு 50, அமெரிக்காவுக்கு 60. ஜப்பானிலோ கிழக்கே 50, மேற்கே 60. அதனால் அந்நாட்டுப் பெட்டிகள் பொதுவாக இரண்டையும் தாங்கும். 60 மட்டுமே குறித்த அமெரிக்கப் பெட்டியின் உள்ளே பழையமுறை டிரான்ஸ்பார்மர் இருந்தால் இங்கே கூடுதலாகச் சூடேறும். கண்டென்சர்கள் தளர்ந்திருந்தால் படமும் அலையும். வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டியது இது.

பெட்டியைத் திறந்து உள்ளேயே 230க்கு மாற்றித் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொல்லக்கூடும். வேண்டாம் என்பதே என் கருத்து. குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் நிற்கும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உயிரைப் பறிக்கும் என்பது ஒரு காரணம். மாற்றிய சுற்றின் வரைபடம் எவரிடமும் இருக்காது, அடுத்த மெக்கானிக் தவிப்பார் என்பது மற்றொன்று. வெளியே வைத்த டிரான்ஸ்பார்மரை நாளை கழற்றிவிடலாம். உள்ளே செய்த வெட்டைத் திருப்ப முடியாது. பதிப்பாசிரியர் தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் வைக்க வேண்டுமேயன்றி, ஏட்டின் மேல் எழுதிவிடக் கூடாது.

தென்கொரியாவில் நாம் ஜூன் பைக் 1988இல் 1003 குழாய்ப் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய கோபுரம் 2018இல் நிறுத்தப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு 2022இல் மீண்டும் ஒளிர்ந்தது. ஒரு பகுதிக்குத் தட்டைத் திரைகளைத்தான் பொருத்த வேண்டியிருந்தது. ஓர் அருங்காட்சியகத்தாலேயே எல்லாக் குழாய்களையும் காப்பாற்ற இயலவில்லை. வி.ஹெச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபூனாயும் 2016இல் நிறுத்திக்கொண்டது.

எனவே மானிட்டரைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் பளபளப்பைப் படம்பிடித்துக் காட்டுவது பிறகு ஆகட்டும். ஊரில் ஒரு பரணையாவது துழாவி, ஒரு நாடாவையாவது ஓடவிட்டுப் படியெடுங்கள். அதில் தோன்றும் முகங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த டிரான்ஸ்பார்மரும் அவர்களைத் திருப்பித் தராது.