நீங்க நெருப்பா, தண்ணியா? கேள்வியே தப்பு!

உங்க பிறந்த வருஷத்தோட கடைசி இலக்கம் என்ன? 0 அல்லது 1 என்றால் நீங்க உலோகம். 2, 3 என்றால் நீர். 4, 5 மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். அவ்ளோதான், சீன ஜோதிடப்படி உங்க எலிமென்ட் கிடைச்சாச்சு. (ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவங்க மட்டும் அந்த வருஷம் சீனப் புத்தாண்டு என்னிக்கு வந்ததுன்னு பார்த்துக்கணும். அதுக்கு முன்னாடி பிறந்திருந்தா முந்தைய வருஷக் கணக்குதான்.)

அடுத்து குணம். நெருப்புன்னா வேகம், கோபம், தலைமை. நீர்னா அமைதி, வளைந்து கொடுக்கிற மனசு. மரம்னா வளர்ச்சி, இரக்கம். உலோகம்னா ஒழுங்கு, பிடிவாதம். மண்ணுன்னா பொறுமை. படிச்சதும் "அட, அப்படியே நான்தான்!"னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

2006, 2007-ல் பிறந்தவங்க நிறைந்த ஒரு வகுப்பை எடுத்துக்கோங்க. இந்தக் கணக்குப்படி கிட்டத்தட்ட எல்லாருமே நெருப்பு. முதல் பெஞ்ச்ல உட்கார்ந்து செமஸ்டர் தொடங்கின அன்னிக்கே நோட்ஸ் எடுக்கிற பொண்ணும் நெருப்பு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி "சிலபஸ் என்னடா?"ன்னு கேட்கிற பையனும் நெருப்பு. அறுபது பேருக்கும் ஒரே விடை வந்தா, அந்த அளவுகோல் எதை அளந்தது?

இதை 1948-லேயே அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் சோதிச்சுப் பார்த்துட்டார். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வெச்சு, ஆளுக்கொரு குணச்சித்திரம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் பெரும்பாலும் கடையில் விற்கிற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை!

"வருஷம் மட்டும் பார்த்தா போதாது தம்பி"ன்னு சீன ஜோதிடம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. நியாயம்தான். அவங்க முறையில் வருஷம், மாதம், நாள், நேரம் என நாலு தூண்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து, மொத்தம் எட்டு. 'பாட்சி' என்ற பெயருக்கே 'எட்டு எழுத்து'ன்னுதான் அர்த்தம். ஆனா உள்ளீடு கூடினதால மட்டும் ஒரு கணக்கு சரியாகிடாது. வெளியீட்டை யாராவது சரிபார்க்கணும் இல்லையா?

சரி, அப்போ இந்த ஐந்து எலிமென்ட்டும் வெறும் கட்டுக்கதையா? இங்கேதான் நான் கொஞ்சம் வேறுபடுறேன். மூலக் கருத்து, அதை வெச்சு இன்னிக்கு விற்கிற குணப்பட்டியலைவிட எவ்வளவோ மேல்.

முதல்ல, இது நம்ம பஞ்சபூதம் இல்லை. இதில் காற்றும் ஆகாயமும் கிடையாது; மரமும் உலோகமும் இருக்கு. பஞ்சபூதம் 'உலகம் எதனால் ஆனது?' என்ற கேள்விக்கு விடை. சீனர்கள் கேட்டது வேற கேள்வி: 'எது எதுவாக மாறுது, எது எதை அடக்குது?' சீன மொழியில் இதன் பெயர் 'வூ சிங்'. 'வூ'ன்னா ஐந்து. 'சிங்'ன்னா நடத்தல், செல்லுதல். அதாவது ஐந்து பொருள்கள் இல்லை, ஐந்து நடைகள். ஆங்கிலத்தில் 'எலிமென்ட்'னு போட்டதும் அந்த ஓட்டமே நின்னுபோச்சு.

நம்ம பாஷையில் சொல்றேன். மரம் 0, நெருப்பு 1, மண் 2, உலோகம் 3, நீர் 4 என எண் கொடுங்க. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததை வளர்க்கும்: மரம் எரிந்து நெருப்பு, நெருப்பின் சாம்பல் மண், மண்ணுக்குள் உலோகம், உலோகத்தின் மேல் படியும் நீர், நீரால் மரம். ஒவ்வொன்றும் ஒன்றைத் தாண்டி அடுத்ததை அடக்கும்: மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், மண் நீரைத் தடுக்கும், உலோகம் மரத்தை வெட்டும், நீர் நெருப்பை அணைக்கும். மாடுலோ 5-ல் +1 வளர்ப்பு, +2 அடக்குதல். வரைஞ்சு பார்த்தா வெளியே ஐங்கோணம், உள்ளே நட்சத்திரம். எதுவும் எல்லை மீறி வளர முடியாது, எதுவும் அழிஞ்சும் போகாது. பக்காவான ஃபீட்பேக் லூப்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நீர் நல்லதா கெட்டதா, பலமா பலவீனமா? தனியா கேட்டா பதிலே இல்லை. மரத்துக்குப் பக்கத்தில் அது தாய், நெருப்புக்குப் பக்கத்தில் எமன், மண்ணுக்கு முன்னால் கைதி. குணம் பொருளுக்குள் இல்லை, உறவில் இருக்கு. மனுஷனும் அப்படித்தானே? வைவாவில் வாயே திறக்காத பையன், மைதானத்தில் கேப்டனா நின்னு கத்துறான். இதில் எது 'உண்மையான' அவன்?

ஆனா மனுஷனுக்கு ஓட்டத்தைவிட லேபிள்தான் பிடிக்குது. லூ சுன் 1921-ல் எழுதிய 'சொந்த ஊர்' கதையில் வரும் ருன்ட்டு என்ற பாத்திரத்தின் பெயரில் 'மண்' என்ற எழுத்து இருக்கும். ஜாதகத்தில் மண் குறையுதுன்னு அவன் அப்பா வெச்ச பெயர் அது. இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பெயர், அவ்வளவுதான்.

நஷ்டம் எங்கேன்னு கேட்டா, ஜப்பானைப் பாருங்க. ஐந்து எலிமென்ட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் என்றால் 10, மிருகங்கள் 12. இரண்டுக்கும் மீ.சி.ம. 60. அதனால 60 வருஷத்துக்கு ஒருமுறை 'நெருப்புக் குதிரை' வரும். குதிரையே நெருப்புக்கு உரியது என்பதால் இரட்டை நெருப்பு. அந்த வருஷம் பிறந்த பெண் அடங்க மாட்டாள், புருஷனை விழுங்கிடுவாள் என்பது ஜப்பானிய நம்பிக்கை. தீ வைத்த குற்றத்துக்காக 1683-ல் கொல்லப்பட்ட ஒஷிச்சி என்ற பெண் 1666-ல் பிறந்தவள்னு சொல்லப்பட்ட கதைதான் இதுக்கு எண்ணெய் ஊத்துச்சு.

விளைவு? 1965-ல் ஜப்பானில் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை வருஷமான 1966-ல் 13.6 லட்சம். 1967-ல் 19.4 லட்சம். போரில்லை, பஞ்சமில்லை. ஷிங்கன்சென் ரயில் ஓட ஆரம்பிச்சு, ஒலிம்பிக் நடத்தி முடிச்ச நாடு. ஆனாலும் 'பொண்ணா பிறந்து, அப்புறம் கல்யாணம் ஆகலைன்னா?' என்ற பயத்தில் ஒரே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு குறைஞ்சது. ஆணுக்கு அதே வருஷம், அதே நெருப்பு. ஆனா பயம் பெண் பெயரில் மட்டும்.

2026 மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு. அதனால்தான் இதை இப்போ எழுதுறேன். ராசிபலன் படிக்காதீங்கன்னு சொல்ல வரலை. கேன்டீனில் டீ குடிச்சுக்கிட்டே "நீ உலோகம்டா, அதான் இவ்ளோ பிடிவாதம்"னு கலாய்ங்க, தப்பில்லை. ஆனா புராஜெக்ட் டீமுக்கு ஆள் எடுக்கும்போதும், யாரோட பழகலாம்னு முடிவு பண்ணும்போதும், நாளைக்கு வீட்டில் ஒரு பொண்ணுக்குப் பெயர் ஒட்டும்போதும், "அவ அப்படித்தான்" என்ற வாக்கியம் வாயில் வந்தா ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அப்படித்தான் என்றால், யாரோடு இருக்கும்போது? எந்த இடத்தில்? என்னிக்கு?

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சீனர்கள் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். பதிலை லேபிளாக்கினது பின்னால் வந்தவங்க வேலை.