பொம்பா வண்டி வரும்வரை யார் இருக்கிறார்கள்?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீயை நாடே பார்த்தது. அந்த நெருப்பை ஊர்க்காரர்கள் யாரும் அணைத்திருக்க முடியாது. வால்வுகளை மூடி, உள்ளே இருந்த வாயு தீர்ந்த பிறகுதான் அது அடங்கியது.

ஆனால் நம் வீடுகளை எரிப்பது பெரும்பாலும் சின்ன நெருப்புதான். பழைய வயரிங், ஒரே பிளக்கில் நான்கு சாதனங்கள், சாமி மேடையில் ஏற்றிவிட்டு மறந்த விளக்கு. பலகை வீட்டு லயத்தில் ஒரு வீட்டில் பிடித்தால், கூரை வழியாக அடுத்த வீட்டுக்குப் போக அதிக நேரம் ஆகாது. வண்டியோ செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் வரவேண்டும். 999-க்கு அழைத்தவர் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று வழி சொல்வதிலேயே சில நிமிடங்கள் போய்விடும்.

அந்த நிமிடங்களுக்காகத்தான் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் இருக்கின்றன. தீயணைப்பு மீட்புத் துறை பயிற்சி தருகிறது. ஊர்க்காரர்களே முதலில் களத்தில் நிற்கிறார்கள். சீனப் புதுக்கிராமங்கள் பலவற்றில் இந்தப் படைகள் வேரூன்றிவிட்டன. வண்டிக்கும் குழாய்க்கும் நன்கொடை திரட்டுகிறார்கள். பகலில் கடை, பட்டறை. அழைப்பு வந்தால் தலைக்கவசம்.

நம்மிடம் ஏன் இது வளரவில்லை? நம்மவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது சுலபம், அது நியாயமில்லை. புதுக்கிராமத்தானுக்கு ஊர் நிலைத்தது, கடைத்தெருப் பணம் இருந்தது. தோட்டத்தில் நிலம் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத இடத்தில் யார் தீயணைப்புக் கொட்டகை கட்டுவார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத நிலை.

இப்போது அந்தக் காரணம் இல்லை. தாமானிலும் பிளாட்டிலும் நிலையாகக் குடியிருக்கிறோம். ஆபத்தும் வேறு உருவத்தில் வந்திருக்கிறது: திருடனுக்குப் பயந்து போட்ட கிரில், அதில் பூட்டு, சாவி எங்கே என்று வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். கீழே இரண்டு வரிசையாக நிறுத்திய கார்களால் வண்டி உள்ளே நுழைய முடியாது.

ஆள்பலம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், திருவிழாவுக்குக் கூட்டக் கட்டுப்பாடு, இரவெல்லாம் நின்று வேலை செய்யும் இளைஞர்கள் ஒவ்வொரு கோயிலிலும் உண்டு. அவர்களில் பத்துப் பேர் முறையான பயிற்சி பெற்றால் ஒரு தாமானுக்குப் போதும். சட்டமன்ற உறுப்பினரிடம் கோயில் கூரைக்கும் தீபாவளிக் கூடைக்கும் மானியம் கேட்கத் தெரிந்த நமக்கு, குழாய்க்கும் கையுறைக்கும் கேட்கத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன் நிர்வாகத்தில் ஒருவர் அருகிலுள்ள நிலையத்துக்குப் போய் மூன்று விஷயங்களைக் கேட்டு வரட்டும்: எங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் சேரலாம், ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி எந்த நாளில், அடிபட்டால் காப்புறுதி யார் பொறுப்பு.