சீனியில் எழுதினும் செந்தமிழில் எழுதுக!



அயன்மொழி ஆட்சிமன்றத்தில் நுழையுங்கால் நாம் விழித்துக் கொள்கிறோம். வழக்கு மன்றத்தில் நுழையுங்கால் கண்டிக்கிறோம். அதே அயன்மொழி நம் குழந்தையின் கையிலுள்ள தின்பண்டத்தின்மேல் ஏறி வருங்கால், கைதட்டி மகிழ்கிறோம். இம்மடமையைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன்.

'இருமுறை அட்டது' என்னும் பொருளுடைய இலத்தீனச் சொல்வழி வந்த பிசுக்கட்டை நாம் ஈரட்டி என்கிறோம். அதனை அடும் இடம் அடுமனை. மாவும் வெண்ணெயும் சீனியும் பிசைந்து, தகடாகத் தேய்த்து, வடிவாக வெட்டிச் சுட்டு, மேலே வண்ணச் சீனிக்குழம்பால் ஒப்பனை செய்யும் இனிப்பீரட்டி, இன்று நம் ஊர்களிலும் விழாப் பண்டமாகி வருகின்றது. பிறந்தநாளுக்கு ஒரு வடிவம். திருமணத்திற்கு ஒரு வடிவம். கிறித்துப் பிறப்பிற்கும் பொங்கலுக்கும் வெவ்வேறு வடிவங்கள். சுடுபவர் தமிழர், விற்பவர் தமிழர், தின்பவரும் தமிழர். மேலே எழுதிய வாழ்த்து மட்டும் ஆங்கிலம்! உப்பளங்கள் சூழ்ந்த எம் ஆறுமுகநேரியில் வெயிலன்றி வேறறியாப் பிள்ளைக்குப் பனித்திவலையும் ஊசியிலை மரமும் வரைந்து தருவது எத்துணைப் பொருந்தாமை!

அயற்பண்டம் என்பதற்காக நாம் எதனையும் வெறுப்பவரல்லோம். தூத்துக்குடியின் மக்கரூனைக் காண்க. மேலைநாட்டார் வாதுமைப் பருப்பிட்டுச் செய்த பண்டம் அது. நம்மவர் வாதுமையை நீக்கி முந்திரியை ஏற்றினர். முட்டை வெண்கருவை நுரைபொங்க அடித்து, சீனியும் பொடித்த முந்திரியும் கலந்து, தாட்கூம்பு வழியே சுருளாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர்த்தி எடுக்கின்றனர். வாயிலிட்டவுடன் கரையும் அப்பண்டம் இன்று தூத்துக்குடிக்கே உரியதாகிவிட்டது. பண்டத்தை நமதாக்கிய கைகள் பெயரையும் நமதாக்கலாகாதா? 'முந்திரிநுரை' என்று அழைத்தால் இனிப்புக் குறைந்துவிடுமோ?

தமிழில் வாழ்த்தெழுதித் தருக என்று கேட்டால், "தமிழெழுத்தில் வளைவுகள் மிகுதி, சீனிக்குழம்பில் பிழிய வாராது" என்கின்றனர். இஃது என்ன சாக்கு! தேன்குழல் பிழிந்த கை தமிழனுடையதன்றோ? புள்ளியிட்டுக் கோடு வளைத்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் சிக்குக்கோலத்தை நாள்தோறும் வாயிலில் இடும் நம் பெண்டிர்க்கு ழகரம் வளைப்பது அரிதோ? மக்கரூனைச் சுருளாகப் பிழியும் அதே கூம்பு, ணகரத்தையும் பிழியும். குறை எழுத்தில் இல்லை, உள்ளத்தில் இருக்கின்றது.

எம் ஊருக்கு அண்மையில், பொருநை கடலொடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் உளது. அங்கு வாழ்ந்த போர்த்துகீசியரான அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்றார். நம் எழுத்துகளை மாழையில் வார்ப்பித்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறியது. அவ்வச்சுப் பணிக்கு இக்கரைப் பரதவ மக்கள் பொருளீந்தனர். மாழையில் வளைந்த எழுத்து மாவில் வளையாதாம்! அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதாம்!

பிற நாட்டாரை நோக்குக. செருமானியர் மரத்தில் செதுக்கிய அச்சுகளை மாவில் அழுத்தித் தம் விழாக்களுக்கு ஈரட்டி செய்கின்றனர். ஆலந்தர் திசம்பர் 5-ஆம் நாள் மாலையில் தம் பிள்ளைகளுக்கு அவரவர் பெயரின் முதலெழுத்தை இனிப்பாகவே வழங்குகின்றனர். தன் பெயரின் முதலெழுத்தைச் சுவைத்த குழந்தை அதை மறக்குமோ?

செய்முறை எளிதே. பிசைந்த மாவைக் குளிரவைத்து வெட்டிச் சுட்டால் வடிவம் பரவாது. பொடித்த சீனியை வெண்கருவில் குழைத்து, கோடிடக் கெட்டியாகவும், நிரப்ப நீர்த்ததாகவும் இருவகைக் குழம்பு கொள்க. அடிப்பூச்சு நன்கு உலர்ந்தபின் எழுதுக. அன்றேல் வண்ணம் கசியும். எழுத்து வடிவிலேயே வெட்டினால் மெல்லிய வளைவுகள் ஒடியும். ஆகலின் வட்டமாகச் சுட்டு அதன்மேல் எழுதுவதே தக்கது.

பொங்கலுக்குப் பானையும் கரும்பும், கிறித்துப் பிறப்பிற்கு விண்மீனும் தோணியும், காயல்பட்டினத்து நோன்புப் பெருநாளுக்குப் பிறையும், பள்ளி புகும் பிள்ளைக்கு 'அ' என்னும் எழுத்தும் அமையட்டும். எழுதித்தர மறுக்கும் அடுமனையில் வாங்க மறுப்போம். வாங்குவோர் உறுதியாய் நின்றால் விற்போர் ஒரு கிழமையில் எழுதக் கற்பர்.

பிள்ளையின் நாவில் முதலில் கரையும் எழுத்து தமிழாகுக!