கேட்கத் தயங்கும் மாத்திரை

லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒற்றை அவசரக் கருத்தடை மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாதிரி ஊர்களில் சிக்கல் இன்னும் அதிகம். கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். பக்கத்தில் நிற்பவர் சித்தப்பாவாகவே இருக்கலாம். விடுதி மாணவி எப்படி வாய் திறப்பாள்? திருச்சிக்கு பஸ் ஏறும் நாளுக்குள் கெடு முடிந்துவிடும்.

இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. தவறு. கருமுட்டை வெளிவருவதை இது தள்ளிப்போடுகிறது. கரு தங்கிவிட்டால் இதனால் ஒன்றும் ஆகாது. கருவைக் கலைக்கும் மருந்துகள் வேறு, அவற்றுக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். பெயர் குழம்பி, அவற்றைத் தானாக வாங்கி விழுங்கும் பெண்ணின் உயிருக்கே ஆபத்து. அவசரக் கருத்தடை மாத்திரையைக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் இதே மாத்திரைதான் தேவைப்படுகிறது.

அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கிருந்து ஒரு பெண் மருத்துவரை அழைத்து, இந்த மாத்திரை பற்றி ஆண்டுக்கு ஒரு வகுப்பாவது நடத்துங்கள், கல்லூரி முதல்வர்களே.