நடுக்குவாத அறுவைச் சிகிச்சை: பெண்ணிடமே கேளுங்கள்

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரத்து நடுக்குவாத (பார்க்கின்சன்) நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: மூளைக்குள் மின்முனை வைத்துப் பேட்டரியால் தூண்டும் மூளை ஆழ்தூண்டல் அறுவை, அதாவது டி.பி.எஸ்., பயன்படக்கூடிய பெண்கள் பலரிடம் அதுபற்றி நேராகப் பேசப்படுவதே இல்லை. பேசினாலும் பதில் சொல்வது வேறு யாரோ. இது மாற வேண்டும்.

நடுக்குவாதம் ஆண்களுக்கே கூடுதலாக வருகிறது. இரண்டு பெண்களுக்கு மூன்று ஆண்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே அறுவை அரங்கில் ஆண்கள் அதிகம் என்பதாலேயே அநியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கணக்கைக் கழித்த பிறகும் மிஞ்சும் இடைவெளிதான் பிரச்சினை. அமெரிக்காவில் மெடிக்கேர் காப்பீடு உள்ள முதியோரைப் பற்றி 2014இல் வந்த ஆய்வு, நோய் உள்ளவர்களிலேயே பெண்களுக்கு இந்த அறுவை கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று கண்டது. காப்பீடு எல்லோருக்கும் இருந்தும் அப்படி. மியாமியிலிருந்து 2019இல் வந்த ஆய்வில், அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பெண்களிலும் கடைசிவரை போனவர்கள் ஆண்களைவிடக் குறைவு. முக்கியக் காரணம், அவர்களே வேண்டாம் என்றது.

அந்த ‘வேண்டாம்’ எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல். “எனக்கென்ன, வயசாச்சு, பிள்ளைங்க காசை வீணாக்க வேண்டாம்.” அறுவை வேண்டுமா என்ற கேள்விக்கு இது பதிலே அல்ல. வீட்டில் யார் சமைப்பது, ஆஸ்பத்திரியில் யார் கூட இருப்பது, பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விகளுக்கான பதில்.

தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. தோப்பும்படி பாலம் தாண்டிப் போனால் இடப்பள்ளியில் அமிர்தா மருத்துவமனை இருக்கிறது, திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம். ஸ்ரீசித்ராவின் இயக்கக் கோளாறு மையத்தை வளர்த்தெடுத்து, பின்னர் அந்நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்த டாக்டர் ஆஷா கிஷோர் ஒரு பெண். 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,084 பெண்கள் இருந்த மாநிலம் கேரளம். இங்கேயும் முதல் தடை வீட்டு வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஆணுக்குக் கை நடுங்கினால் கடையில் பில் எழுத முடியாது, ஊருக்கே தெரிந்துவிடும். பெண் அதை மறைக்கப் பழகிக்கொள்கிறாள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை நோயாளிகள் ‘ஆன்’ என்பார்கள், வேலை செய்யாத நேரம் ‘ஆஃப்’. காலை ஆனுக்குள் அரைத்து, தாளித்து, பாத்திரம் துலக்கி முடித்துவிட்டு, ஆஃபில் உள்ளறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து “அசதி” என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். உடல் எடை குறைவு என்பதும் ஒரு காரணமாக, லீவோடோபா மாத்திரையால் வரும் கட்டுக்கடங்காத அசைவுகள் பெண்களுக்குத்தான் கூடுதல். இந்த ஆன்-ஆஃப் தொல்லைக்கும் அசைவுகளுக்கும்தான் டி.பி.எஸ். மிகவும் உதவுகிறது. அதிகம் வேண்டியவருக்கே குறைவாகக் கிடைக்கிறது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

பயமும் உண்டு, அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. தலைமுடி போகுமா, கழுத்தெலும்புக்குக் கீழே வைக்கும் பேட்டரி ரவிக்கைக்கு மேலே தெரியுமா, விழித்திருக்கும்போதே மண்டையில் துளை போடுவார்களா என்று கேட்க நினைத்து, மகன் முன்னால் கேட்காமல் பெண்கள் வந்துவிடுகிறார்கள். முழுத் தலையையும் எப்போதும் மழிக்க வேண்டியதில்லை என்ற ஒரு தகவலே சிலருக்குப் போதும்.

பணமும் உண்மையான தடைதான். செலவு பத்து லட்சத்தை எளிதாகத் தாண்டும். மாநில அரசின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா காப்பீட்டுத் திட்டத்தின் உச்சவரம்பு குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம். சாதாரண பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். மிச்சத்துக்கு நகையை விற்பதா என்ற பேச்சு வந்ததும், பெரும்பாலும் அந்தப் பெண்ணுடைய நகைதான், அவரே பின்வாங்கிவிடுகிறார்.

எல்லோருக்கும் அறுவை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அறுவைக்குத் தகுதி பெற மாத்திரைக்கு நல்ல பலன் தெரிய வேண்டும், நினைவாற்றல் தெளிவாக இருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அந்தத் தகுதியே போய்விடலாம். எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பெண் மறுத்தால் அது அவருடைய உரிமை. தெரியாமல் மறுப்பதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

ஆகவே, மருத்துவமனைகள் பெண் நோயாளியிடம் கொஞ்ச நேரமாவது தனியாக, அவருடைய மொழியில் பேச வேண்டும். மட்டாஞ்சேரியில் அது தமிழாகவோ கொங்கணியாகவோ குஜராத்தியாகவோ இருக்கலாம். பரிந்துரைக்கப்பட்டவர் எத்தனை, அறுவை நடந்தவர் எத்தனை என்பதை ஆண், பெண் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கருவிக்கும் பேட்டரி மாற்றத்துக்கும் ஆகும் முழுச் செலவையும் மாநில அரசு ஏற்க வேண்டும். வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்களுக்கும் பாலியேட்டிவ் செவிலியர்களுக்கும் இந்நோயின் அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒன்று. அடுத்த செக்கப்பில் மருத்துவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அம்மாவை உட்காரவையுங்கள். ஆபரேஷன் தனக்குச் சரிப்படுமா என்று அவரே கேட்கட்டும். பதிலையும் அவரே கேட்டுக்கொள்ளட்டும்.