ஒரே கார், இரண்டு சாலைகள்

சனத்நகரில் வாழும் ஒரு குடும்பத்தின் கார் இருவகைச் சாலைகளுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. வார நாள்களில் சரக்கு வண்டிகள் அழுத்திக் குழிவிழச் செய்த தொழிற்பேட்டைத் தெருக்கள், அடுத்தடுத்து வேகத்தடைகள், எர்ரகட்டா நெரிசல். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே கார் 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் ஏறுகிறது. அங்கே 2023 முதல் உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். முதல் சாலையில் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் முதியவரின் இடுப்பைக் காக்க வேண்டும். இரண்டாவதில் திடீரென விலக நேர்ந்தால் அனைவரின் உயிரையும் காக்க வேண்டும். இரு பொறுப்புகளிலும் பெரும் பங்கு, சக்கரங்களுக்கும் காரின் உடலுக்கும் இடையே உள்ள சஸ்பென்ஷனைச் சார்ந்தது.

சில ஆண்டுகள் ஓடிய கார் தடதடக்கத் தொடங்கியதும் நமக்கு இருவகை அறிவுரைகள் கிடைக்கின்றன. கெட்டியான ஸ்பிரிங் போட்டால் வண்டி சாலையை விடாது என்பார் ஒருவர். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் வண்டி உயர்ந்து நிற்கும், வேகத்தடையில் அடி தட்டாது என்பார் மற்றவர். இரண்டுமே ஸ்பிரிங்கை மட்டும் குறிவைக்கின்றன. சொகுசும் பிடிமானமும் ஒன்றையொன்று விலக்கும் என்று நம்பி, ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கச் சொல்கின்றன. இதில் நாம் உடன்படவில்லை. பழைய காரில் சொகுசும் பிடிமானமும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொலைகின்றன; அந்த இடம் தேய்ந்துபோன பாகங்கள். அவற்றைச் சீராக்கினால் இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன.

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் விழுந்த அடியின் ஆற்றலைத் தன்னுள் சேமித்துத் திருப்பித் தருகிறது. அந்த ஆற்றலை எண்ணெயின் உராய்வால் வெப்பமாக்கி அழிப்பது ஷாக் அப்சார்பர். அது தளர்ந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். அதே நேரத்தில் கீழே சக்கரம் துள்ளித் துள்ளிச் சாலையுடனான தொடர்பை இழக்கும். சாலையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

கெட்டியான ஸ்பிரிங்குக்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. சாதாரணக் கார்களின் ஸ்பிரிங்குகள், வண்டியின் உடல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை மேலும் கீழும் அசையுமாறு அமைக்கப்படுகின்றன. அமர்ந்திருக்கும் மனிதரை மிகவும் வருத்துவது நொடிக்கு 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வு. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க ஆக்க, சாலையின் அதிர்வு வடிகட்டப்படாமல் முதுகெலும்பை நோக்கி ஏறுகிறது. பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுக் கெட்டியான ஸ்பிரிங் மட்டும் பொருத்தினால், அதன் துள்ளலை அடக்க ஆளில்லாமல் போகிறது. செலவும் செய்து, சொகுசையும் இழந்து, பிடிமானமும் கிட்டாத நிலை அது.

வளைவில் வண்டி சாய்வதைப் பிடிமானம் இல்லாததன் அடையாளமாகக் கொள்வதும் பிழை. 1948-இல் அறிமுகமான பிரெஞ்சுக் கார் சிட்ரோயன் 2சிவி, உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடையக்கூடாது என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது. வளைவுகளில் அது அச்சமூட்டும்படி சாயும்; ஆனால் சக்கரங்கள் சாலையை விடுவதில்லை. சாய்வைக் குறைக்க ஆன்டி-ரோல் பார் என்ற முறுக்குக் கம்பி பல கார்களில் இருக்கிறது. இரு சக்கரங்களும் ஒருசேர உயரும்போது அது வாளாவிருக்கும். ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழும்போது மட்டுமே எதிர்க்கும். மென்மையான ஸ்பிரிங்கோடு அடங்கிய வளைவோட்டம் இயல்வது இதனால்தான். அந்தக் கம்பியின் சிறு ரப்பர் புஷ்கள் தேய்ந்தாலே வண்டி தள்ளாடத் தொடங்கிவிடும்.

ஆகவே நாம் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் டயர்: ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அளவின்படி காற்றழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகப் பெரிய சக்கரமும் ஒடுங்கிய பக்கச்சுவருள்ள டயரும் போட்டிருந்தால், அடியின் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம். அடுத்து ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட். மூன்றாவதாக ஷாக் அப்சார்பர்: எண்ணெய்க் கசிவு, பிரேக் பிடிக்கும்போது மூக்கு அளவுக்கு மீறித் தாழ்தல், டயரில் திட்டுத்திட்டான தேய்மானம் ஆகியவை அதன் முதுமையைச் சொல்லும். மாற்றுவதானால் முன்னிரண்டையும் அல்லது பின்னிரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; பின்னர் வீல் அலைன்மென்ட் சரிபார்க்க வேண்டும். ஸ்பிரிங் கடைசி.

எப்போதும் ஐந்து பேரும் மூட்டைகளுமாக ஸ்ரீசைலம் மலைப்பாதை ஏறுவோர் இதனை ஏற்கத் தயங்கலாம். அவர்கள் வண்டியின் பின்புறம் உண்மையிலேயே தாழ்ந்திருக்கக்கூடும். அதற்கும் விடை ரப்பர் பஃபர் அன்று. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு ஈடாக உற்பத்தியாளர் குறித்த அளவிலான புதிய ஸ்பிரிங்தான். செருகிய ரப்பர் சில சுற்றுகளை இயங்கவிடாமல் தடுத்து, அமுங்கும் தூரத்தைக் குறைக்கிறது. மாற்று அமைப்பே வேண்டுமென்பவர்கள் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இணையாக வாங்குவதே முறை.

எந்தப் பாகமும் சாலையின் குற்றத்தை முழுவதும் மறைக்காது என்பதும் மெய். இந்தியச் சாலைகள் பேராயத்தின் நெறிமுறைப்படி வட்டவடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. தெருமுனையில் செங்குத்தாக எழுப்பப்பட்ட குறுகிய மேடு அதுவன்று. அதை மாற்றக் கேட்பது குடிமக்களின் உரிமை. அதுவரை அதன் பொருட்டுக் காரை உயர்த்தி, வெளிவட்டச் சாலையில் நிலைத்தன்மையை இழப்பது அறிவுடைமை ஆகாது.

பணத்தின் பக்கமும் இருக்கிறது. வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்குத் தருமேயன்றித் தேய்மானத்துக்குத் தராது. புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் நம் கைச்செலவே. கார் கடனின் மாதத் தவணையைக் கணக்கிடும்போதே இதற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைப்பது நன்று. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிசெய்தது. எல்லா ஸ்பிரிங் மாற்றமும் இதில் அடங்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூல அளவை விட்டு விலகுவோர் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது, பின்னாளில் இழப்பீட்டுக் கோரிக்கை தடைபடாமல் காக்கும்.

அடுத்த முறை பணிமனைக்குச் செல்லும்போது எந்த ஸ்பிரிங் நல்லது என்று கேட்பதற்கு முன், எது தேய்ந்திருக்கிறது என்று கேட்போம். பின்னிருக்கையில் இருப்பவருக்கும் ஓட்டுநருக்கும் ஒருசேர நன்மை தரும் கேள்வி அதுவே.